திருநள்ளாறு வெளிமாநிலம்: இணையத்தில் விற்கும் சிறு வியாபாரியும் ஜிஎஸ்டியும்

நன்னிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா அரிசியை ஒரு கிலோ பையில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கும் வியாபாரிக்கு இணைய விற்பனையில் உண்மையான பாரம் வரி விகிதம் அல்ல. 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் வரி 5 சதவீதம்தான். பாரம் பதிவில் இருக்கிறது. 2017-ல் வந்த ஜிஎஸ்டி சட்டம், கடையில் விற்பவருக்கு ஒரு விற்றுமுதல் வரம்பு வரை விலக்குத் தந்துவிட்டு, அதே சரக்கை அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்பவரை முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்யச் சொன்னது. பதிவு எடுத்தால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். இந்தப் பாகுபாட்டில் பாதி 2023 அக்டோபர் 1-ல் சரிசெய்யப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருப்பவர், பான் எண்ணைக் கொடுத்து ஜிஎஸ்டி இணையதளத்தில் சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால், பதிவில்லாமலே தமிழ்நாட்டுக்குள் தளங்கள் வழியே சரக்கு விற்கலாம். அவரிடம் தளம் ஜிஎஸ்டி பிடிக்கக் கூடாது. தேவையில்லாமல் முன்பே பதிவு எடுத்தவர் ரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு இருந்தபோது அவர் விற்பனையில் தளம் பிடித்த 0.5 சதவீதம் அவருடைய ஜிஎஸ்டி கேஷ் லெட்ஜரில்தான் சேரும், கேட்டுப் பெற மறக்கக் கூடாது.

மீதிப் பாதி மாநில எல்லையில் நிற்கிறது. நன்னிலத்திலிருந்து ஓசூருக்குப் பார்சல் அனுப்பலாம். பேரளத்துக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி இருக்கும் திருநள்ளாற்றுக்கு அனுப்பினால், அது புதுச்சேரியின் காரைக்கால் பகுதி என்பதால், ஒரு கிலோவுக்கும் பதிவு கட்டாயம். தளத்தை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி கூரியரில் அனுப்பினாலும் இதே விதிதான். பிடிபட்டால் வரியோடு வட்டியும் அபராதமும் சேரும். வரி நுகரும் மாநிலத்துக்குப் போக வேண்டும், பதிவில்லாவிட்டால் போலி நிறுவனங்கள் புகுந்துவிடும் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லலாம். கவலை நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு விற்பனையையும், எந்த ஊருக்குப் போனது என்பது உட்பட, தளமே பான் எண்ணோடு பதிந்து வைக்கிறது. கைவினைப் பொருள் விற்பவருக்கு 2017 முதலே மாநிலம் கடந்தும் வரம்பு வரை விலக்கு உண்டு. சேவை தருபவருக்கும் 20 லட்சம் வரை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வேஃபேர் வழக்கில் ஆராய்ந்த தெற்கு டகோட்டா சட்டம்கூட, ஆண்டுக்கு 1 லட்சம் டாலரோ 200 விற்பனையோ எட்டாத வெளிமாநில வியாபாரியை வரி வசூலிக்கும் பொறுப்பிலிருந்து விட்டுவிட்டது. தஞ்சாவூர் பொம்மைக்குக் கொடுத்ததை டெல்டா அரிசிக்கு மறுக்க என்ன காரணம்? ஜிஎஸ்டி கவுன்சில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மாநில நிதியமைச்சருக்கு அதில் இடம் உண்டு. வணிகர் சங்கங்கள் அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, பதிவில்லாமல் விற்பவர் தன் டெலிவரிப் பட்டியலில் தமிழ்நாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, காரைக்கால் பின்கோடுகளை மறக்காமல் நீக்கிவிடட்டும்.