முகவரியைப் பின்னாலிருந்து படிங்க

2016 மார்ச் 19. ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. யாரோ உக்ரைனிலிருந்து உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்று. பார்க்க அப்படியே கூகுள் அனுப்பியது போல இருந்தது.

அவர்கள் யோசிக்காமல் கிளிக் பண்ணவில்லை. ஐடி ஊழியரிடம் கேட்டார்கள். அவர் "லெஜிட்டிமேட்" என்று பதில் போட்டார். "இல்லெஜிட்டிமேட்" என்று எழுத நினைத்தேன், தவறிவிட்டது என்று பிறகு சொன்னார். இத்தனைக்கும் அதே பதிலில் கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்திருந்தார். ஆனால் அமுக்கப்பட்டது மெயிலில் இருந்த பட்டன். 50,000-க்கும் அதிகமான மெயில்கள் பறிபோயின. அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் அவற்றை வெளியிட்டது. 2018 ஜூலையில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர் மீது அமெரிக்கா வழக்குப் போட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பட்டன் கொண்டுபோய் விட்ட முகவரி: மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே.

நம் கண் இடமிருந்து படிக்கும். "கூகுள்.காம்" பார்த்ததும் திருப்தியாகிவிடும். பிரவுசருக்கு அது போதாது. தபால்காரர் கடிதத்தின் கடைசியில் ஊரையும் பின்கோடையும் பார்க்கிற மாதிரி, அதற்கும் கடைசிப் பகுதிதான் முக்கியம். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து படிங்க. "காம்" என்பதற்கு அடுத்து வந்தது சாய்கோடு இல்லை, சின்ன கோடு. ஆக, வாங்கிப் பதிவு செய்த பெயர் "காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே". அதற்கு முன்னால் கூகுள் என்று எவரும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஓடிபி காப்பாற்றாதா? ஓரளவுதான். போலிப் பக்கத்தில் நீங்கள் போடும் ஓடிபியை அவர்கள் அதே நிமிடம் உண்மையான தளத்தில் போட்டுவிடலாம். பாஸ்கீ அப்படியில்லை. எந்தத் தளத்துக்கு உருவாக்கினோமோ, அந்த முகவரியில் மட்டும்தான் அது வேலை செய்யும். உங்கள் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. பாஸ்வேர்டு மேனேஜரும் இப்படித்தான். வழக்கமாகத் தானே நிரப்புவது ஒருநாள் சும்மா இருந்தால், அங்கேயே நிறுத்துங்க.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்வதென்றால், உங்கள் ஈமெயில் கணக்குக்கு பாஸ்கீ போடுங்க. மற்ற கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அமுக்கினால், பெரும்பாலும் கடிதம் வந்து சேர்வது அங்கேதான். அவசரம் என்று வரும் மெயிலில் பட்டனைத் தொடாமல், முகவரியை நீங்களே டைப் பண்ணிப் போய்ப் பாருங்க.