வடக்கே போன பில்லி பாஸ்டன்

பிழைப்புக்காக ஊரை விட்டவன் திரும்பி வரலாம், உற்றாரோடு உண்டு உறங்கலாம். ஆனால் தான் கற்ற ஆட்டத்தை மட்டும் அவ்வூரில் இனி ஆடக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்? பிரிட்டனின் ரக்பி பந்தாட்டக்காரர்களுக்கு அத்தகைய விதி நெடுங்காலம் இருந்தது. அதன் கீழ் வாழ்ந்த பில்லி பாஸ்டன் என்பாரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிவது நன்று எனக் கருதுகிறோம்.

முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவதே ரக்பி. அவ்வாறு ஊன்றுவதற்கு 'டிரை' என்று பெயர். ஓடுபவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம்; நம் சடுகுடுவின் மூர்க்கம் இதிலும் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் இதை ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்திற்காக வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பை ஈடு செய்யக் கோரினர். ஆட்டத்தை நடத்திய யூனியன் சங்கத்தார் மறுத்தனர். 1895-இல் ஹட்டர்ஸ்பீல்ட் நகரத்து விடுதி ஒன்றில் கூடி வடக்குக் கழகங்கள் பிரிந்தன. பின்னர் 1906-இல் அணிக்குப் பதின்மூவர் என்று ஆட்டத்தையே மாற்றிக்கொண்டன. அதுவே ரக்பி லீக். அங்கே சென்று பணம் பெற்றவனை யூனியன் சங்கம் ஆயுள் முழுவதும் விலக்கி வைத்தது. யூனியன் ஆட்டத்தை உயிராகக் கொண்ட வேல்ஸ் நாட்டில் 'வடக்கே போனான்' என்றால் அதில் ஒரு பழியும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் வீடுகளிலும் இச்சொல் புழங்குகிறது. நல்லவேளையாக, நம்மை எவரும் விலக்கி வைக்கவில்லை.

பாஸ்டன் 1934-இல் வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்தவர்; தாய் ஐரிஷ் வழியினர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். கார்டிஃப் கழகத்திற்கும் பின்னர் வேல்ஸ் நாட்டிற்கும் ஆட வேண்டும் என்பதே சிறுவனின் கனவு. கார்டிஃப் கழகமோ அவரை அழைக்கவில்லை. நிறமே காரணம் என்று பிற்காலத்தில் பலரும் கூறினர்.

அழைத்தது வடக்கிலிருந்த விகன் கழகம். 1953-இல் பாஸ்டன் படைப்பணியில் இருந்த சமயம், கழகத்தார் அவர் வீட்டிற்கே வந்து மேசைமீது ஐந்து பவுன் நோட்டுகளைப் பரப்பினர். பையனுக்குப் போக மனமில்லை. எப்படியாவது அவர்களை அனுப்பிவிட எண்ணிய தாய், மூவாயிரம் பவுன் தந்தால் கையெழுத்திடுவான் என்றார். அக்காலத்தில் அது பெருந்தொகை. மறுப்பார்கள் என்றே நம்பினார். வந்தவர்களோ உடனே ஒப்புக்கொண்டனர்! சொன்ன சொல்லை எப்படி மீறுவது? பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்திட்டார்; பிறகு அழுதார். அத்தாய் பிள்ளையை விற்றாள் என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். அவர் கேட்டது விலை அன்று, வந்தவர்களுக்குச் சொன்ன விடை.

விகனில் முதல் அணிக்காக ஆறே ஆட்டங்கள் ஆடிய நிலையில், 1954-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்திற்கான பிரிட்டன் அணியில் அவர் சேர்க்கப்பட்டார். அப்பயணத்திற்குத் தேர்வு பெற்ற முதல் கறுப்பின வீரர் அவரே. அங்கே 18 ஆட்டங்களில் 36 டிரை! விகனுக்காக 1968 வரை ஆடிய 488 ஆட்டங்களில் 478. கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தோம், ஆட்டத்திற்கு ஏறக்குறைய ஒன்று வருகிறது. ஓரத்தில் ஓடும் வீரருக்கு வேகம் வேண்டும். இவரிடம் குறுக்கே வந்தவரை மோதித் தள்ளும் உடற்கட்டும் இருந்தது. 1958, 1959, 1965 ஆகிய ஆண்டுகளில் வெம்ப்ளி மைதானத்தில் விகன் கோப்பை வென்றபோது இவரும் உடனிருந்தார்.

இடையே 1957-இல் ஒன்று நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆட்டங்கள் முடிந்தபின் பிரிட்டன் அணி தென்னாப்பிரிக்காவிற்குக் காட்சி ஆட்டங்கள் ஆடச் சென்றது. அந்நாட்டு நிறவெறி காரணமாகப் பாஸ்டன் அங்கே அழைத்துச் செல்லப்படவில்லை. அவர் மட்டும் ஊர் திரும்பினார். கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலுக்குச் சென்ற தமிழர்களின் சந்ததியார்க்கு இவ்வெறியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கூட ஆடியவனை விட்டுவிட்டு ஆடிய அந்த ஆட்டங்களை ஆடாமலே இருந்திருக்கலாம்.

1970-இல் பிளாக்பூல் அணியோடு ஆட்டத்தை முடித்தார். அதற்குள் விகனே அவருக்கு ஊராகிவிட்டது. அங்கே மைதானத்திற்கு அருகில் மதுவிடுதி ஒன்றை நடத்தி, அவ்வூர் மக்களோடு மக்களாகவே வாழ்ந்தார். 1995-இல் யூனியன் ஆட்டக்காரர்களும் சம்பளம் பெறலாம் என்றாகி, பழைய விலக்கும் பொருளற்றுப் போயிற்று. 2023-இல் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பாஸ்டன், கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன் ஆகிய மூவருக்கும் சேர்த்துச் சிலை வைத்தனர். மூவரும் வெளியிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகள். மூவரும் வடக்கே போனவர்கள். 2025 ஜூனில், தொண்ணூறு வயதில், பாஸ்டனுக்கு 'சர்' பட்டம் அளிக்கப்பட்டது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.