ஒரு மவுஸ், இரண்டு கணினி, கடலுக்குள் விழுந்த புள்ளிகள்

ராமேஸ்வரத்து வீட்டில் என் மேசையில் இரண்டு கணினி இருக்கு. ஒன்று விண்டோஸ் டெஸ்க்டாப், எழுத்து வேலையும் மெயிலும் அதில். இன்னொன்று லினக்ஸ் லேப்டாப். தனுஷ்கோடிப் பக்கம் 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாடி கரை எங்கே இருந்தது, இப்போ எங்கே இருக்கு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில், பழைய வரைபடங்களை க்யூஜிஐஎஸ்ஸில் போட்டு, கரைக்கோட்டைப் புள்ளி புள்ளியாக அதில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

மேசை சின்னது. இரண்டு கீபோர்டு, இரண்டு மவுஸுக்கு இடமில்லை. அதனால் இன்புட் லீப் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். மவுஸ் டெஸ்க்டாப்பில் செருகியிருக்கும். கர்சர் அந்தத் திரையின் வலது ஓரத்தைத் தாண்டினால் லேப்டாப் திரைக்குள் போய்விடும். முதல் நாள் பார்த்தபோது மந்திரம் மாதிரி இருந்தது.

சில வாரம் கழித்து, வரைந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கங்கே புள்ளிகள் கடலுக்குள் நிற்கின்றன. சில இடத்தில் கோடு பல்லைக் காட்டுகிறது. நான் வைத்தது அங்கே இல்லை, அது எனக்கு நல்லாத் தெரியும். கர்சர் அப்பப்போ திக்கும், நின்று பாயும்; அதைப் பெரிசா எடுத்துக்காம வேலையை ஓட்டியிருக்கேன். தப்பு அதுதான்.

இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மவுஸ் செருகியிருக்கும் கணினியின் சொந்தத் திரையிலும் கர்சர் திக்குதா? திக்கினால் நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம், கோளாறு மவுஸில்தான். எனக்குக் கொஞ்சம் திக்கியது. மேசைமேல் போட்டிருந்த கண்ணாடி ஒரு காரணம். ஆப்டிகல் மவுஸ் அடியில் இருக்கும் குட்டிக் கேமரா, மேற்பரப்பைப் படம் படமாக எடுத்து, அடுத்தடுத்த படங்கள் எவ்வளவு நகர்ந்திருக்கு என்று கணக்குப் போடும். கண்ணாடியில் பிடிக்க எதுவுமே கிடைக்காது. பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டதும் பாதி சரியானது.

மீதிக்குக் காரணம் வேறு. என்னுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸ். அதன் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழுப்பும் இரைச்சல் அதே 2.4 அலைவரிசைமேல் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் தள்ளாடினால் இதைச் சந்தேகிக்கலாம். ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு மேசைமேல் கொண்டுவந்தேன். டெஸ்க்டாப்பில் கர்சர் வெண்ணெய் மாதிரி ஓடியது. லேப்டாப்பில் மட்டும் இன்னும் பாய்ச்சல். அப்போ பாக்கி இருப்பது நெட்வொர்க்.

இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தன. டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு பிங் போட்டுப் பார்த்தேன். 3, 2, 4 மில்லி செகண்ட் என்று வருகிறது. நல்லாத்தானே இருக்கு என்று நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். பத்து நிமிஷம் ஓடவிட்டால், நடுநடுவே 100, 200ஐத் தாண்டும் எண்கள். சராசரியில் அவை தெரியவே தெரியாது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் விழாது. நாள் முழுக்க அடித்த காற்றின் சராசரி என்ன என்று யாரும் கேட்டதில்லை, அந்த நேரத்து வீச்சுதான் கணக்காக இருந்தது. மவுஸுக்கும் அப்படித்தான்.

அந்த வீச்சு எங்கிருந்து வருது? வைஃபையில் இரண்டு கணினி பேசினால் செய்தி நேராகப் போகாது. டெஸ்க்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒருமுறை, ஒரே காற்றில் இரண்டு பயணம். சாதாரண மவுஸே செகண்டுக்கு 125 தடவை நகர்வைச் சொல்லும், அதாவது 8 மில்லி செகண்டுக்கு ஒரு செய்தி. எங்க தெருவைச் சுற்றி லாட்ஜுகள். மாடிக்கு ஒரு ரவுட்டர். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்க. இதுபோக, லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை சிப்பை அடிக்கடி தூங்கவைக்கும். தூங்கும் சிப்புக்கு வந்த செய்தியை ரவுட்டர் பிடித்துவைத்து, அடுத்த அறிவிப்பின்போதுதான் கொடுக்கும். அந்த அறிவிப்பு வழக்கமாக 102.4 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. பிங்கில் 100ஐ ஒட்டி எண்கள் குவிந்தால் இந்தத் தூக்கம்தான் காரணமா என்று பார்க்கலாம். பவர் சேவை அணைத்ததும் எனக்கு நிறையவே குறைந்தது. ஒழுங்கான இடைவெளியில் குதித்தால் வேறு கதை: லேப்டாப் பக்கத்து வைஃபைகளைத் தேடி சேனல் சேனலாகச் சுற்றிவிட்டு வருது.

சரி, தாமதத்தால் கர்சர் மெதுவாகணும். பாய்வானேன்? இந்த மென்பொருள் டிசிபியில் பேசுகிறது. டிசிபி வரிசை தவறாது. ஒரு செய்தி தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் கதவுக்கு வெளியே நிற்கும். வந்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே நுழையும். முதலில் உறைவு, அப்புறம் பாய்ச்சல். சின்னச் செய்திகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் முறை (ஜான் நேகிள், 1984) காரணமோ என்றும் சந்தேகப்பட்டேன். இல்லை, சினெர்ஜி காலத்திலிருந்தே இந்தக் குடும்பத்து மென்பொருள்கள் அதை அணைத்தேதான் வைத்திருக்கின்றன.

என் புள்ளிகள் கடலில் விழுந்ததும் இந்த உறைவால்தான். கர்சர் கரைமேல் நின்றது போலத் தெரிந்தது, க்ளிக் செய்தேன். ஆனால் என் கையின் கடைசி நகர்வுகள் இன்னும் வரிசையில் காத்திருந்தன. டிசிபி அவற்றை முதலில் கொடுத்து, பிறகுதான் க்ளிக்கைக் கொடுத்தது. நான் பார்த்தது பழைய இடம், புள்ளி விழுந்தது புது இடம். மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கு!

இதில் நம்ம கையும் சேர்ந்து ஏமாறும். மெக்கன்ஸியும் வேரும் 1993இல் செய்த சோதனையில், 225 மில்லி செகண்ட் தாமதம் சேர்த்தபோது, குறியைத் தொட ஆகும் நேரம் 64 சதவீதமும் தவறுகள் 214 சதவீதமும் கூடின. நேரத்தைவிடத் தவறு எவ்வளவு வேகமாக ஏறுது பாருங்க.

வேகம் ஒத்துப்போகாதது தனிப் பிரச்சினை. விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ போட்டிருந்தால், கையை வேகமாக ஆட்டும்போது கர்சர் இன்னும் அதிகமாக ஓடும். அப்படிப் பெருக்கிய நகர்வுதான் லேப்டாப்புக்கும் போகும். லேப்டாப் திரையோ அளவில் சின்னது. அதை அணைத்தேன், இரண்டு நாளில் கை பழகிவிட்டது. ஓரத்துப் புள்ளிக்குப் போகும்போது கர்சர் நழுவி டெஸ்க்டாப்புக்குள் ஓடுவதற்கும் வழி இருக்கு. ஸ்க்ரோல் லாக்கை அழுத்தினால் அது இருக்கும் திரையிலேயே நிற்கும்.

கடைசியில் செய்தது எளிமையானது. இரண்டு கணினிக்கும் நடுவே ஒரு ஈதர்நெட் வயரை நேராகப் போட்டேன். இப்போதைய கிகாபிட் போர்ட்டுகளுக்குக் கிராஸ் கேபிள் எல்லாம் வேண்டாம், சாதா வயரே போதும். இரண்டுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்து, இன்புட் லீப்பில் அந்த முகவரியைப் போட்டேன். இன்டர்நெட் பழையபடி வைஃபையில் போகுது. பிங் 1 மில்லி செகண்டுக்குள் இறங்கி அங்கேயே நின்றது. இன்னொரு லாபம்: கரண்ட் போய் ரவுட்டர் செத்துப் பிழைக்கும்போதெல்லாம் முகவரி மாறி மவுஸ் தொலைவதும் நின்றுபோச்சு. வயரே போட்டாலும், என்கிரிப்ஷன் பெட்டியை மட்டும் டிக் எடுத்துவிடாதீங்க. அந்த வழியாகத்தான் நீங்க தட்டும் பேங்க் பாஸ்வேர்டும் போகும்.

அதுக்கப்புறம் இன்னொன்று தோன்றியது, முதலிலேயே தோன்றியிருக்கணும். நுணுக்கமான வேலை நடப்பது லேப்டாப்பில். மவுஸை எதுக்கு டெஸ்க்டாப்பில் செருகி வைத்திருக்கேன்? மாற்றிச் செருகினேன், லேப்டாப்பை சர்வர் ஆக்கினேன். இப்போ வரைபட வேலைக்கு நெட்வொர்க்கே நடுவில் இல்லை. மெயில் படிக்கும்போது கர்சர் திக்கினால் திக்கட்டும்.

பழைய புள்ளிகளில் எது என் கை வைத்தது, எது பாய்ந்து விழுந்தது என்று பிரிக்க வழியில்லை. கடலுக்குள் நின்றவை கண்ணில் பட்டன. கரைமேலேயே பத்து மீட்டர் தள்ளி விழுந்தவை படாது. கோதண்டராமர் கோயிலிலிருந்து அரிச்சல்முனை வரை வரைந்த மொத்தத்தையும் அழித்துவிட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் கோயில் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கேன்.