மடக்கை ஏன் மிரட்டுகிறது?

தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது உப்பூர். அங்குள்ள என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பில் பயிலும் அவர் மகள் கணிதப் புத்தகத்தை மூடிவிட்டு, "மாமா, நான் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன்" என்றாள். காரணம் மடக்கை, ஆங்கிலத்தில் லாகரிதம் என்பர்.

விதிகள் அனைத்தும் அவளுக்கு மனப்பாடம். "2-ஐ அடிமானமாகக் கொண்டால் 8-இன் மடக்கை என்ன?" என்றேன். "3" என்றாள் உடனே. "அந்த 3 எதைக் குறிக்கிறது?" என்றேன். மௌனம்.

கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்து மடிக்கச் சொன்னேன். ஒரு முறை மடித்தால் 2 அடுக்கு, மறுமுறை 4, மூன்றாம் முறை 8. "8 அடுக்கு வேண்டுமாயின் எத்தனை முறை மடிக்க வேண்டும்?"

"மூன்று... அந்த மூன்றா இது?"

அதுவேதான். 'எத்தனை முறை?' என்னும் கேள்விக்குரிய விடையே மடக்கை. கேள்வியைச் சொல்லாமல் விடையை மட்டும் பிள்ளைகளுக்குப் புகட்டிவிடுகிறோம். தேர்வும் விதியைத்தானே கேட்கிறது!

கூட்டுத்தொகையின் மடக்கை, மடக்கைகளின் கூட்டுத்தொகை என்று எழுதிப் பலர் மதிப்பெண் இழக்கின்றனர். துப்பட்டியைக் கையில் எடுத்தவர் அவ்வாறு எழுதமாட்டார். இரண்டு மடிப்பில் 4 அடுக்கு, மூன்று மடிப்பில் 8 அடுக்கு. ஐந்து மடிப்பில் கிடைப்பது 12 அன்று. 4-ஐ 8-ஆல் பெருக்கிய 32.

பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்த வசதிக்காகவே ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். வானியலாரின் பெருஞ்சுமை குறைந்தது. (லாகரிதம் என்பது அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததென நம்மவர் சிலர் பெருமையுடன் கூறுவர். அவர் பெயரால் வந்தது அல்காரிதம், இது வேறு.) நம் தந்தையர் அட்டவணையைப் புரட்டிக் கணக்கிட்டபோது பயன் கண்ணுக்குத் தெரிந்தது. கால்குலேட்டர் வந்தபின் அப்பயன் அகன்றது. விதிகள் மட்டும் புத்தகத்தில் எஞ்சின.

இன்றைய பயன் அளவைகளில் உள்ளது. 2001-இல் குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கம் 7.7, 2004-இல் நம் கரைகளுக்கு ஆழிப்பேரலையை அனுப்பிய சுமத்ரா நிலநடுக்கம் 9.1. "வேறுபாடு 1.4 தானே" என்றாள் அவள். அந்த எண்கள் மடக்கை அளவையில் அமைந்தவை. வெளிப்பட்ட ஆற்றலோ நூறு மடங்குக்கும் மேல் வேறுபட்டது என்றேன். வியப்புடன் புத்தகத்தை மீண்டும் திறந்தாள்.

இரவு உணவின்போது அவளே கேட்டாள்: "மாமா, 1-இன் மடக்கை ஏன் பூச்சியம் தெரியுமா?"

"நீயே சொல்."

"மடிக்காத துப்பட்டி ஓர் அடுக்குத்தானே!"