எலும்புப் படத்தில் தோன்றும் கரும்புள்ளி

எலும்பு ஸ்கேன் அறிக்கையில் 'இயல்புக்கு மாறான புள்ளி' என்ற சொற்களைக் கண்டவுடன், புற்றுநோயே வந்துவிட்டதென்று கலங்குவோர் பலர். அப்புள்ளி எதனை உணர்த்துகிறது என்பதை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

எலும்பு உயிரற்ற தூண் அன்று. அது நாள்தோறும் சிறிது கரைகிறது; சிறிது புதிதாகக் கட்டப்படுகிறது. ஸ்கேன் காட்டுவது இக்கட்டுமான வேலையையே. டெக்னீஷியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைப் பாஸ்பரஸ் கலந்த ஒரு சேர்மத்துடன் இணைத்து, கையிலுள்ள இரத்தக் குழாயில் ஊசி வழியே செலுத்துகின்றனர். இத்தகைய சேர்மம் ஒன்றை 1971-ஆம் ஆண்டில் சுப்பிரமணியன், மெக்காபி என்னும் இருவர் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினர். ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்துக் காமா காமிராவினால் படம் எடுக்கப்படுகிறது. புது எலும்பு மிகுதியாக உருவாகும் இடத்தில் அப்பொருளும் மிகுதியாகச் சேர்ந்து, வழக்கமாகக் கருமையாகத் தோன்றுகிறது. அதன் கதிரியக்கம் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும்.

கட்டுமானம் மிகுவதற்குக் காரணங்கள் பல. ஆறிவரும் முறிவு, மூட்டுத் தேய்வு, எலும்பில் சீழ்ப்பிடிப்பு, அண்மையில் பல் பிடுங்கிய இடம் ஆகிய யாவும் புள்ளியாகத் தெரியலாம். முதுகெலும்பைத் தாக்கும் காசநோயும், வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாதலும் நம் நாட்டில் மறக்கத்தகாதவை. ஆடையில் சிந்திய சிறுநீர்த் துளிகூட ஏமாற்றக்கூடும்; ஏனெனில் மருந்தின் எஞ்சிய பகுதி சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது.

புள்ளிகளின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அடுத்தடுத்த விலா எலும்புகளில் அவை ஒரே வரிசையில் நின்றால், விழுந்து அடிபட்டதன் அடையாளமாக இருக்கலாம். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா என ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால், அதிலும் முன்பு மார்பகத்திலோ பிராஸ்டேட் சுரப்பியிலோ புற்றுநோய் கண்டவரிடத்தில், அந்நோய் பரவியுள்ளதோ என்ற ஐயம் வலுக்கிறது. மறுபுறம், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்னும் புற்றுநோய் இந்த ஸ்கேனில் தெரியாமலே போவதும் உண்டு.

ஆகவே, 'எங்கே' என்பதைச் சொல்லும் இப்பரிசோதனை, 'என்ன' என்பதைத் தனித்து முடிவுசெய்வதில்லை. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களுடன் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். தேவையாயின் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார். பழைய வீழ்ச்சி, அறுவைச் சிகிச்சை, நாட்பட்ட வலி, முன்பு கண்ட நோய் ஆகியவற்றை ஒளிக்காமல் அவரிடம் கூறுவது நம் கடமை. அறிக்கையைக் கண்டு அஞ்சி ஒடுங்குவதும் தவறு. அதனைப் பெட்டியில் பூட்டி வைத்து நாளைக் கடத்துவதும் தவறு. மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில் தவறாது செல்வதே நன்று.