அப்ரண்டிஸ் பத்திரம் காட்டும் ஊர்

இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலையில். அதற்கு முந்தைய பாட்டனைத் தேடுகிறவர் சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அதிலோ ஜான், வில்லியம் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். நம் ஆள் யார்? பல சமயம் அதைக் காட்டிக்கொடுப்பது, அவர் தொழில் பழகச் சேர்ந்தபோது எழுதிய அப்ரண்டிஸ் பத்திரம்.

ஏழு வருஷமாவது பழகாமல் யாரும் கைத்தொழில் செய்யக் கூடாது என்றது 1563-ஆம் வருஷத்துச் சட்டம். பையனைப் பட்டறையில் விடும்போது ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு விளிம்பும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் போலி. பையன் சூதாடக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது, எஜமானரின் தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. எஜமானர் சோறும் துணியும் தங்க இடமும் தந்து வேலை கற்றுத்தர வேண்டும்.

வீட்டில் இருந்த பத்திரங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வரிக்கணக்கு தப்பியது. பையனைச் சேர்க்க எஜமானர் வாங்கிய பணத்துக்கு 1710 முதல் வரி: 50 பவுண்டு வரை பவுண்டுக்கு 6 பென்ஸ், அதற்கு மேல் 1 ஷில்லிங். 1811 வரையான பேரேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுமார் 1750 வரை தகப்பன் பெயரும் எழுதினார்கள். தேடுகிறவருக்கு அந்த ஒரு பெயர் போதும்.

ஊர்ச்சபை செலவில் விடப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு வரி இல்லை. அதனால் இந்தப் பேரேட்டில் அவர்கள் இல்லை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழைகள் விடுதியில் இருந்த ராபர்ட் பிளின்கோ அப்படிப்பட்டவர். 1799-இல், ஏழு வயதில், நாட்டிங்காம் பக்கத்துப் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். வறுத்த மாட்டிறைச்சியும் இனிப்புப் புட்டிங்கும் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டினார்கள். கிடைத்தது அடியும் பட்டினியும். தாய் தகப்பன் யார் என்றே அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆனாலும் ஏழைகளைப் பற்றித்தான் கூடுதலாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எந்த ஊரில் தொழில் பழகினாரோ, அந்த ஊர்தான் பின்னாளில் அவருக்குச் சோறு போட வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே வயதான காலத்தில் உதவி கேட்டு வந்தவரை இரண்டு நீதிபதிகள் உட்காரவைத்து, எங்கே பிறந்தாய், யாரிடம் பழகினாய், எத்தனை வருஷம் இருந்தாய் என்று சத்தியம் வாங்கிக் கேட்டு எழுதினார்கள். இந்த வாக்குமூலங்கள் கவுண்டி காப்பகங்களில் இருக்கின்றன. பல இடங்களில் பெயர்வாரியாக அட்டவணையும் உண்டு. முன்னோர் ஏழையாக இருந்திருப்பார் என்று தோன்றினால், கியூவுக்குப் போகுமுன் அங்கே பார்த்துவிடுவது நல்லது.