காட்டை நேசிக்கும் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் மெர்கோங் வீடுகளில் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பேச்சு தொடங்கிவிடும். வகுப்பறையில் நெளிந்துகொண்டிருந்து, மலையேற்றம் என்றால் மட்டும் விடியுமுன்பே எழுந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன படிப்பு என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

என் அக்கா மகள் அப்படிப்பட்டவள். பக்கத்திலுள்ள குனோங் கெரியாங்கில் தொடங்கி, 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைவரை ஏறிவிட்டாள். "காட்டைப் பத்திதான் படிப்பேன் மாமா" என்றாள். என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பீடோங் பக்கத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். "வெயிலும் கொசுக்கடியும் எங்களோட போகட்டும்னுதானே உங்களைப் படிக்க வெச்சோம். மறுபடியும் காட்டுக்கா?" என்றார்.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் முன்னேற்றம். அதனால் அம்மாவின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அன்று மரமும் நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். நமக்குக் கூலி மட்டுமே. வனவியல் படித்தவரோ எந்த மரம் நிற்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இருப்பார். நம் ஊர் வயல்களுக்கு வரும் மூடா, பெடு அணைகளின் நீர் உலு மூடா காட்டில் பிறக்கிறது. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதியும் மூடா ஆற்றிலிருந்துதான் போகிறது. அந்தக் காட்டைக் காக்கப் படித்தவர்கள் தேவை.

வளாகம் வேறு, படிப்பு வேறு

பலரும் முதலில் சொல்வது சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம். 1984-இல் தொடங்கப்பட்டது; சுற்றிலும் காடும் மலையும். வீட்டுக்கும் அருகில். ஆனால் அதன் பலம் நிர்வாகம், கணக்கியல், சட்டம் போன்ற துறைகள். மாலையில் ஓட, சைக்கிள் மிதிக்க அருமையான இடம். காட்டையே தொழிலாக்க நினைப்பவருக்கு அது போதாது. வளாகத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

களத்தில் கற்பிக்கும் இடங்கள்

செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் வனவியலுக்குப் பெயர் பெற்றது. பூச்சோங்கிலுள்ள ஆயர் ஹீத்தாம் காட்டை 1996-இல் 80 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, அதிலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கிறது.

கடல் பிடித்தவர்களுக்குத் திரெங்கானு பல்கலைக்கழகம். ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரையில் அதன் ஆய்வாளர்கள் ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள்.

வீட்டைவிட்டு அதிக தூரம் போக வேண்டாம் என்றால், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை இருக்கிறது. பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் அதற்குக் கடலோர ஆய்வு மையமும் உண்டு.

சபா பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல வனவியல் படிக்கலாம். 4,095 மீட்டர் கினபாலு மலையும் அந்த மாநிலத்தில்தான். ஆனால் விடுமுறைக்கு விமானத்தில்தான் வர முடியும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

எஸ்.பி.எம். முடித்தவுடன் நேராகப் பட்டப்படிப்புக்குப் போக முடியாது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா என்று வழிகள் உண்டு. கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரி சங்லூனில் இருக்கிறது. நீண்ட படிப்பு வேண்டாம் என்பவர்கள், புத்ரா பல்கலைக்கழகத்தின் பிந்துலு வளாகத்தில் வனவியல் டிப்ளோமா அந்த ஆண்டின் யூபியூ பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். எந்த வழியானாலும் உயிரியல், வேதியியல் பாடங்களைக் கைவிடக் கூடாது.

வேலையைப் பொறுத்தவரை வனத்துறை, வனவிலங்குத் துறை, கெப்போங் வன ஆய்வுக் கழகம், தோட்ட நிறுவனங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. அரசு வேலைக்குப் பொதுச்சேவை ஆணையத்தில் காத்திருக்க வேண்டி வரலாம். உரிமம் பெற்ற இயற்கை வழிகாட்டியாகவும் ஆகலாம். அதில் வருமானம் சுற்றுலாப் பருவத்தைப் பொறுத்தது.

விண்ணப்பிக்கும் முன்

பல்கலைக்கழகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை வாரம் களப்பணி? அதற்குத் தனிச் செலவு உண்டா? தொழிற்பயிற்சிக்கு மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள்?

பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிடித்திருப்பது காடா, மலையேற்றமா? வனவியல் என்றால் மரங்களை அளப்பது, மண் பரிசோதனை, புள்ளியியல், மழையில் நனைந்து வந்த பிறகும் அறிக்கை எழுதுவது. ஒரு செடியின் பெயர் தெரியாமல் தூக்கம் வராத பிள்ளை என்றால் தைரியமாக அனுப்புங்கள். உச்சிக்குப் போய்ப் படம் எடுப்பதுதான் மகிழ்ச்சி என்றால், பிடித்த வேறு துறையைப் படிக்கட்டும். மலை வார இறுதியிலும் அங்கேதான் இருக்கும்.